பேராசிரியருக்குப் பாடம் சொன்ன பட்டறை

கிளாஸ்கோ நகரத்தில் ஒரு தகரப் பட்டறை. 1799-க்கும் 1800-க்கும் இடைப்பட்ட காலம். இருபத்து நான்கு வயதையும் தாண்டாத ஒரு பேராசிரியர் அங்கே வந்து நிற்கிறார். கல்லூரியில் மாணவர்களுக்குக் காட்டுவதற்கு அவருக்கு ஒரு கருவி தேவை. சுழற்சி விசையினால் நீரை மேலே ஏற்றும் பம்பு ஒன்றின் மாதிரி. கடையில் விலைக்குக் கிடைக்கும் பொருளல்ல அது. தகரத்தை வெட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்துதரக்கூடிய கைகளிடம்தான் போயாக வேண்டும். போனார்.

வேலை நடந்தது. வேலை நடக்க நடக்கக் கேள்விகளும் பிறந்தன. இது என்ன, இது எப்படி வேலை செய்யும், இந்த உறுப்பு எதற்கு என்று பட்டறையாட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். கல்லூரி வகுப்பில் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளிடம் காணாத ஆவலை அந்தக் கரிபிடித்த முகங்களில் கண்டார் பேராசிரியர். கருவியைச் செய்யத் தெரிந்தவனுக்கு அதன் காரணத்தைச் சொல்ல ஏன் ஒருவரும் இல்லை? இந்த ஒரு கேள்விதான் ஜார்ஜ் பர்க்பெக் என்ற மனிதரின் எஞ்சிய வாழ்வு முழுவதையும் ஆட்டிவைத்தது.

இந்த பர்க்பெக்கைப் பற்றி இருவிதமாகப் பேசப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். தொழிலாளியின் அறிவுக்கண்ணைத் திறந்த வள்ளல் என்பார் ஒரு சாரார். தொழிலாளியின் கோபத்தைப் பாடப் புத்தகத்தால் அணைக்கப் பார்த்த முதலாளிமார்களின் கையாள் என்பார் மற்றொரு சாரார். நமக்கு இரண்டிலும் சம்மதமில்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லவே அவர் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொண்டோம்.

அவர் ஏழை வீட்டுப் பிள்ளையல்ல. 1776-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஸெட்டில் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை வியாபாரி, பாங்கும் நடத்தியவர். குடும்பம் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தது. எடின்பரோவில் வைத்தியம் படித்து 1799-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டில் கிளாஸ்கோ ஆண்டர்சன் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானப் பேராசிரியர் பதவி கிடைத்தது.

ஆண்டர்சன் என்பவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, உடன் வேலைசெய்த பேராசிரியர்களோடெல்லாம் சண்டை பிடித்தவர் ஜான் ஆண்டர்சன். அங்கி போர்த்த மாணவர்களுக்கு ஒரு வகுப்பு. வேலை உடையோடு வரும் கைத்தொழிலாளருக்கு இன்னொரு வகுப்பு என்று நடத்தியவர். தம் வகுப்பில் ஓடாமல் கிடந்த நீராவி எந்திர மாதிரியைப் பழுதுபார்க்க ஒரு கருவித் தொழிலாளியிடம் கொடுத்தார். அந்தத் தொழிலாளி ஜேம்ஸ் வாட். பழுதுபார்க்கப் போனவன் கையிலிருந்துதான் புதிய நீராவி எந்திரமே பிறந்தது! இதே ஆண்டர்சன் தாம் கண்டுபிடித்த பீரங்கி வண்டியைப் பிரிட்டிஷ் சர்க்கார் சட்டை செய்யவில்லை என்றதும், 1791-இல் அதைப் பாரிஸுக்குக் கொண்டுபோய்ப் புரட்சி செய்த பிரெஞ்சு மக்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். 1796-இல் இறக்கும்போது, பழைய பல்கலைக்கழகத்திற்குப் போட்டியாக ஒரு புதிய கல்வி நிலையம் காணவேண்டும் என்று உயில் எழுதி வைத்தார். அந்த நிலையத்துக்குத்தான் பர்க்பெக் வந்து சேர்ந்தார். ஆகவே விதை முன்பே ஊன்றப்பட்டிருந்தது. பின்னாளில் புகழ் பாடியவர்கள் இதை மறந்துவிட்டார்கள். நாம் மறக்க வேண்டியதில்லை.

பட்டறையிலிருந்து திரும்பிய பர்க்பெக், சனிக்கிழமை மாலை தோறும் தொழிலாளருக்கு இலவசமாக விஞ்ஞான வகுப்பு நடத்த அனுமதி கேட்டார். நிர்வாகிகள் நகைத்தார்கள். தொழிலாளியைக் கூப்பிட்டால் வரமாட்டான். வந்தாலும் இருந்து கேட்கமாட்டான். கேட்டாலும் அவனுக்குப் புரியாது என்பது அந்தப் பெரிய மனிதர்களின் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பை நம் தோழர்கள் வேறு எங்கேயும் கேட்டதில்லையா?

1800-இல் வகுப்பு தொடங்கிற்று. முதல் வாரம் வந்தவர்கள் 75 பேர். இரண்டாம் வாரம் 200. மூன்றாம் வாரம் 300. நான்காம் வாரம் 500 பேர் வந்து நின்றார்கள், மண்டபம் கொள்ளவில்லை. ஆறு நாள் உழைத்துக் களைத்த உடம்போடு, கூலி வாங்கிய சனிக்கிழமை மாலையில், மதுக்கடையைத் தாண்டிக்கொண்டு வந்த ஐந்நூறு பேர்! நிர்வாகிகளின் நகைப்பு அத்தோடு நின்றது.

அது எப்படிப்பட்ட காலம்? தொழிலாளர் கூலி உயர்வுக்காகக் கூட்டுச் சேர்வது குற்றம் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1799-லும் 1800-லும் சட்டம் இயற்றிய காலம். பிரெஞ்சுப் புரட்சி கண்டு நடுங்கிய பிரபுக்கள், நாலு தொழிலாளி ஒரு இடத்தில் நின்று பேசினாலே சதி என்று கருதிய காலம். அந்த வேளையில் ஐந்நூறு பேரை ஓரிடத்தில் உட்காரவைத்து, சிந்திக்கச் சொன்னார் ஒரு பேராசிரியர். அவர் சொன்னது இயந்திர சாஸ்திரந்தான், அரசியல் அல்ல. என்றாலும் அது சாதாரணக் காரியமல்ல.

1804-இல் அவர் கிளாஸ்கோவை விட்டார். லண்டன் சென்று வைத்தியத் தொழிலில் அமர்ந்தார். வைத்தியராகப் பெயரும் பணமும் சம்பாதித்த அந்த இருபது ஆண்டுகளைப் பற்றி நமக்கு அதிகம் சொல்வதற்கில்லை.

கிளாஸ்கோவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஆண்ட்ரூ யூர். பெயரைக் கேட்டதும் மார்க்ஸைப் படித்த தோழர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆம், அதே யூர்தான். 1835-இல் ஆலைத் தொழிலின் தத்துவம் என்று ஒரு நூல் எழுதி, அடங்காத நூற்பாலைத் தொழிலாளியைத் தானியங்கி இயந்திரம் அடக்கி வைக்கும் என்று மகிழ்ந்தவர். மூலதனத்தில் மார்க்ஸின் எள்ளலுக்கு ஆளானவர். பர்க்பெக் தொடங்கிய தொழிலாளர் வகுப்பைப் பல ஆண்டுகள் நடத்தியவர் இவர்தான்! ஒரே வகுப்பு, ஒரே நாற்காலி, ஒரே பாடம். ஒருவர் தொழிலாளியின் கேள்விக்குப் பதில் சொல்ல வந்தார். மற்றவர் தொழிலாளியை அடக்கும் இயந்திரத்துக்குத் துதி பாடினார். விஞ்ஞானம் யார் பக்கம் என்று கேட்பவர்களுக்கு இந்த நாற்காலியைக் காட்டலாம்.

அந்த வகுப்பின் தொழிலாளர் சும்மா இருந்துவிடவில்லை. தங்களுக்கென்று ஏற்பட்ட நூல்நிலையத்தை யார் நிர்வகிப்பது என்பதில் கல்லூரி நிர்வாகிகளோடு தகராறு முற்றிற்று. 1823-இல் அவர்கள் வெளியேறி, கிளாஸ்கோ மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூஷன் என்ற சொந்த ஸ்தாபனத்தைக் கண்டார்கள். அதற்குப் புரவலராக யாரைத் தேர்ந்தார்கள் தெரியுமா? பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஊரைவிட்டுப் போன பர்க்பெக்கை. எந்தப் புகழுரையைக் காட்டிலும் இது பெரிய சான்று என்பது நம் எண்ணம்.

கிளாஸ்கோச் செய்தி லண்டனை எட்டியது. அங்கே அப்போதுதான் மெக்கானிக்ஸ் மேகஸின் என்ற மலிவுப் பத்திரிகை தொடங்கியிருந்தது. அதை நடத்தியவர்கள் ஜோசப் ராபர்ட்சன், தாமஸ் ஹாட்ஜ்ஸ்கின் என்ற இருவர். ஹாட்ஜ்ஸ்கின் கப்பற்படையில் லெப்டினன்டாக இருந்து, மேலதிகாரியோடு மோதி, அரைச் சம்பளத்தில் வெளியே தள்ளப்பட்டவர். 1823 அக்டோபரில் இவர்கள் தம் பத்திரிகையில் ஒரு யோசனையை வெளியிட்டார்கள்: லண்டன் தொழிலாளருக்கும் ஒரு கல்வி ஸ்தாபனம் வேண்டும், அதைத் தொழிலாளரே தம் சந்தாவால் கட்டி, தாமே நடத்த வேண்டும். பர்க்பெக் இதைக் கண்டார், ஓடிவந்து கைகொடுத்தார். நவம்பர் 11-ஆம் நாள் ஸ்ட்ராண்ட் வீதியில் கிரௌன் அண்ட் ஆங்கர் விடுதியில் கூட்டம். பர்க்பெக் தலைமை. சுமார் 2,000 பேர் திரண்டார்கள்.

சிக்கல் இங்கேதான் பிறந்தது.

பணத்துக்கு எங்கே போவது? நம் சந்தா போதும். நாள் ஆனாலும் நம் காசில் கட்டுவோம் என்றார்கள் ஹாட்ஜ்ஸ்கினும் ராபர்ட்சனும். அது ஆகாத காரியம், பணக்காரரிடம் நன்கொடை வாங்குவோம் என்றார் பிரான்சிஸ் பிளேஸ். இந்தப் பிளேஸ் சாமானியரல்லர். 1793-இல் தோல் காற்சட்டை தைப்போரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தி, எந்த முதலாளியும் வேலை கொடாமல் மனைவி மக்களோடு பட்டினி கிடந்தவர். பிறகு சொந்தத் தையற்கடை வைத்து முன்னேறியவர். தொழிலாளர் கூட்டுச் சேருவதைத் தடுத்த சட்டம் 1824-இல் ரத்தானதற்குப் பெருங்காரணம் இவர்தான். அப்படிப்பட்டவரே பணக்காரன் வாசலுக்குப் போகலாம் என்று சொன்னார்.

பிளேஸ் வென்றார். சர் பிரான்சிஸ் பர்டெட் 1,000 பவுன் கொடுத்தார். ப்ரூஹாம் போன்ற வக்கீல் அரசியல்வாதிகள் வந்து மேடையில் அமர்ந்தார்கள். வில்லியம் காபெட் என்ற பத்திரிகாசிரியரும் 5 பவுன் கொடுத்தார். கொடுத்த கையோடு, நிர்வாகத்தை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய மனிதர்கள் அதைப் பறித்துவிடுவார்கள் என்று எச்சரித்தார். ஐந்து பவுனைவிட அந்த எச்சரிக்கை விலை உயர்ந்தது.

பர்க்பெக் எந்தப் பக்கம்? இதை மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் பிளேஸ் பக்கம் நின்றார். நன்கொடை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அத்தோடு கதை முடியவில்லை. நிர்வாகக் கமிட்டியில் மூன்றில் இரண்டு பங்கு உழைக்கும் தொழிலாளராக இருக்கவேண்டும் என்ற விதி லண்டன் ஸ்தாபனத்தில் எழுதப்பட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பர்க்பெக், சாலைக்கு இந்தப் பக்கம் நின்று வழிகாட்டுவதோடு இருந்துவிடவில்லை. சான்ஸரி லேன் அருகே ஸௌத்தாம்ப்டன் பில்டிங்ஸில் பிரசங்க மண்டபம் கட்டுவதற்குத் தம் சொந்தப் பணம் 3,700 பவுனைக் கடனாக அள்ளிக் கொடுத்தார். 1824 டிசம்பர் 2-இல் அடிக்கல். 1825 ஜூலை 8-இல் திறப்பு. கடன் கடன்தானே! அது ஸ்தாபனத்தின் கழுத்தை நெடுநாள் அழுத்திற்று. நல்லவரின் கடனும் பாரந்தான் என்பதை அந்தக் கமிட்டித் தோழர்கள் அனுபவித்தே அறிந்தார்கள்.

பணம் கொடுத்தவன் பாடத்தையும் தீர்மானிப்பான் என்று ஹாட்ஜ்ஸ்கின் அஞ்சியது வீணல்ல. மான்செஸ்டரைப் பாருங்கள். 1824-இல் அங்கே ஏற்பட்ட ஸ்தாபனத்துக்குத் தலைவர் பெஞ்சமின் ஹேவுட் என்ற பாங்கர். பெருந்தொகை கட்டியவர்களுக்கே நிர்வாகம். பாடம் கேட்க வந்த தொழிலாளிக்கு வாய்ப்பூட்டு. 1829-இல் ஒரு பகுதியினர் ரௌலண்ட் டெட்ரோசியர் தலைமையில் பிரிந்துபோய்த் தனி ஸ்தாபனம் கண்டார்கள். பல ஊர்களில் அரசியல் பேசக்கூடாது, மத விவகாரம் பேசக்கூடாது, செய்திப் பத்திரிகையும் வரக்கூடாது என்று தடை. நீராவியின் அழுத்தத்தைப் பற்றிப் பேசலாம். கூலியின் அழுத்தத்தைப் பற்றிப் பேசலாகாது! 1845-இல் எங்கெல்ஸ் தமது நூலில் இந்த ஸ்தாபனங்கள் தொழிலாளர் கையைவிட்டுப் போய்விட்டன என்றும், முதலாளிகளை எதிர்க்கும் எண்ணத்தை மாற்றவே அங்கே விஞ்ஞானம் போதிக்கப்படுகிறது என்றும் எழுதியது காரணமில்லாமலல்ல.

சந்தாவையும் கணக்குப் பார்ப்போம். லண்டனில் மூன்று மாதத்துக்கு 5 ஷில்லிங்; ஆண்டுக்கு ஒரு பவுன். வாரத்துக்கு 30 ஷில்லிங் அளவில் சம்பாதித்த தேர்ந்த கைத்தொழிலாளி கொடுத்துவிடலாம். மூட்டை தூக்கியவன் எங்கே போவான்? பன்னிரண்டு, பதினான்கு மணி நேர வேலைக்குப்பின் ரசாயன சாஸ்திரம் யார் தலையில் ஏறும்? எழுத்தே அறியாதவனுக்குப் பிரசங்கத்தால் என்ன பயன்? எல்லா ஊரிலும் ஆரம்பப்பள்ளி வேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் 1870-இல்தான் வந்தது. அடித்தளம் போடாமலே மாடி கட்டினார்கள். விளைவு, 1850 அளவில் நாட்டில் 600-க்கும் மேற்பட்ட ஸ்தாபனங்கள் இருந்தும், பலவற்றில் சம்மட்டி பிடித்தவரைவிடக் கணக்கப்பிள்ளைகளும் கடைச் சிப்பந்திகளுமே அதிகம் தென்பட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் பர்க்பெக்கை முதலாளிமார்களின் கையாள் என்பவர் கட்சி வென்றதாகத் தோன்றும். நிறுத்த முடியாது. ஏனெனில் அந்த மண்டபத்துக்குள் போன மனிதர்கள் வெளியே வந்து என்ன செய்தார்கள் என்பதும் சரித்திரத்தில் இருக்கிறது.

முதலில் ஹாட்ஜ்ஸ்கின். நிர்வாகத்தில் தோற்ற அவர் மேடையை விட்டுவிடவில்லை. 1825-இல் மூலதனத்தின் உரிமைக்கு எதிராக உழைப்பின் பக்கம் வாதாடி ஒரு சிறு நூலைத் தம் பெயர் போடாமல், ஒரு தொழிலாளி எழுதியதாக வெளியிட்டார். மறு ஆண்டு லண்டன் ஸ்தாபனத்திலேயே பொருளாதாரம் பற்றிப் பிரசங்கம் செய்தார். 1827-இல் அது நூலாயிற்று. செல்வத்தைப் படைப்பது உழைப்பு. இலாபம் என்பது அதிலிருந்து எடுக்கப்படுவது என்ற கருத்து, பணக்காரர் நன்கொடையில் கட்டிய மண்டபத்திலேயே பேசப்பட்டது! பிளேஸுக்கும் அவர் நண்பர்களுக்கும் இது கசந்தது. மார்க்ஸ் பின்னாளில் இந்த ஹாட்ஜ்ஸ்கினின் நூல்களை மதிப்போடு ஆராய்ந்தார். பர்க்பெக் தலைவராக இருந்த ஸ்தாபனத்தில்தான் இது நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வில்லியம் லவெட். கார்ன்வால் கடற்கரையிலிருந்து பிழைப்புத் தேடி லண்டன் வந்த மரவேலைத் தொழிலாளி. இந்த ஸ்தாபனத்தில் உறுப்பினராகிப் படித்தவர். ஹென்றி ஹெதரிங்டன் என்ற அச்சுத் தொழிலாளியும் அங்கே பயின்றவர்தான். அந்நாளில் செய்திப் பத்திரிகை ஒவ்வொன்றுக்கும் சர்க்கார் 4 பென்ஸ் முத்திரை வரி விதித்திருந்தது. ஏழை பத்திரிகை படிக்கலாகாது என்பதற்காகவே போட்ட வரி அது. ஹெதரிங்டன் வரி கட்டாமலே 1831 முதல் ஏழையின் காவலன் என்ற வாரப் பத்திரிகையை 1 பென்னிக்கு விற்றார். சிறை சென்றார். அதைத் தெருவில் விற்ற நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள். கட்சி ஏட்டைக் கையில் பிடித்துத் தெருமுனையில் நின்று கூவி விற்ற நம் தோழர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தப் போரில் பர்க்பெக் ஒதுங்கி நிற்கவில்லை. அறுபது வயதில், பெயர்பெற்ற வைத்தியர், அறிவு வரியை எடு என்ற இயக்கத்தாரோடு சேர்ந்து நின்றார். மந்திரியிடம் தூது போனவர்களில் அவரும் ஒருவர். 1836-இல் வரி 4 பென்ஸிலிருந்து 1 பென்னியாக இறங்கிற்று. அடியோடு போக 1855 ஆயிற்று.

அதே 1836-இல் லவெட்டும் நண்பர்களும் லண்டன் உழைப்பாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1838-இல் அந்தச் சங்கத்திலிருந்து மக்கள் சாசனம் வெளிவந்தது. வயது வந்த ஆண் ஒவ்வொருவனுக்கும் வாக்குரிமை, ரகசிய வாக்கு என்பவையெல்லாம் அதன் கோரிக்கைகள். 1839-இல் லவெட் சிறைக்கு அனுப்பப்பட்டார். வார்விக் சிறையில் ஓராண்டு. அங்கே உட்கார்ந்து, உடனிருந்த ஜான் காலின்ஸோடு சேர்ந்து அவர் எழுதியது என்ன? மக்களே தம் காசில் கட்டி, தாமே நடத்தும் கல்வி மண்டபங்களுக்கு ஒரு திட்டம். பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஹாட்ஜ்ஸ்கினும் ராபர்ட்சனும் கேட்ட அதே பொருள், பர்க்பெக்கின் மண்டபத்தில் படித்த தச்சுத் தொழிலாளியின் கையால் சிறைக்கொட்டடியில் எழுதப்பட்டது.

பெண்களின் பேச்சையும் விட்டுவிடலாகாது. 1830-இல் லண்டன் ஸ்தாபனம் தன் பிரசங்கங்களுக்குப் பெண்களையும் அனுமதித்தது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பெண்ணுக்குக் கதவடைத்திருந்த காலம் அது.

1841 டிசம்பர் 1-ஆம் நாள் பர்க்பெக் லண்டனில் காலமானார். லவெட்டின் சிறைநூல் வெளிவந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

1866-இல் ஸ்தாபனத்தின் பெயரை மாற்றினார்கள். மெக்கானிக்ஸ் என்ற சொல் பலகையிலிருந்து போயிற்று. பர்க்பெக் என்ற பெயர் வந்தது. அவருக்குச் செய்த மரியாதைதான். ஆனாலும் அவர் உயிரோடிருந்தால் எந்தச் சொல்லை வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார் என்று நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. 1907-இல் அது பர்க்பெக் கல்லூரி ஆயிற்று. 1920-இல் லண்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. மாலை வகுப்பு என்ற வழக்கத்தை மட்டும் எந்த நாளும் விடவில்லை. ஸ்காட்லாந்தில் ஏழைத் தாயின் மகனாகப் பிறந்து, லண்டனில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே அங்கே இரவில் விஞ்ஞானம் படித்த ஒருவர் 1924-இல் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமரானார்: ராம்ஸே மக்டொனால்ட். பிரதமரான பிறகு அவர் போன வழி வேறு கதை. 1938-இல் பௌதிகப் பேராசிரியராக அங்கே வந்து சேர்ந்தவர் மார்க்சிய விஞ்ஞானி ஜே. டி. பெர்னால். 1947 முதல் அங்கே சரித்திரம் போதித்தவர், தொழிலாளர் இயக்க வரலாறு எழுதிய எரிக் ஹாப்ஸ்பாம். பகலெல்லாம் ஆபீஸிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு மேல் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்திறங்கியவர்கள்தான் அவர்களுடைய மாணவர்கள்.